மருமகள் தின்ற வைக்கோல்

அத்தியாயம் 17

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, டை கட்டிய இரண்டு கனவான்களும் டை கட்டாத ஒரு பெண் டாக்டரும் இரண்டு கார்களில் புறப்பட்டு, ஒரு குதிரையின் சிறுநீரைப் பற்றி விசாரிக்க வருகிறார்கள். விசாரணை முடியும்வரை லாயத்தில் வேலை செய்யும் எவரும் வெளியே போகக் கூடாது, கூட்டமாக நின்று பேசக் கூடாது, சந்தேகத்துக்கு இடமாக நடந்துகொள்ளவும் கூடாது.

கடைசி நிபந்தனையைத்தான் யாராலும் காப்பாற்ற முடியவில்லை. சந்தேகம் நுழைந்துவிட்ட இடத்தில், ஒருவன் மூக்கைச் சொறிந்தால்கூடப் பக்கத்தில் இருப்பவன் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுகிறான்.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் நம் விசில்காரர் பார்த்துக்கொள்ளும் பெட்டைக் குதிரை பெரிய பந்தயத்தில் முதலாவதாக வந்தது. ஓனர் அழுதார். அதைப் பார்த்து ட்ரெய்னரும் அழுதார். காமிரா வேறு பக்கம் திரும்பியதும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஜெயித்த குதிரையைச் சோதனைக் கொட்டிலுக்கு ஓட்டிப்போய்ச் சிறுநீர் பிடிக்க வேண்டும் என்பது விதி. மற்ற குதிரைகள் அங்கே இரண்டு மணி நேரம் நின்று எல்லோர் பொறுமையையும் சோதிக்கும். விசில்காரர் உதட்டைக் குவித்து நீளமாக ஒரு விசில் கொடுத்தார். குதிரை காலை அகட்டி நின்று எட்டே நிமிடத்தில் கடமையை முடித்தது. விசில்காரர் கடல் தாண்டி இந்த வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. சொந்தப் பெயர் அனுமதிச் சீட்டில் மட்டும் மிச்சம் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் விசில்காரர்தான்.

போன வாரம் சோதனை முடிவு வந்தது. ஜெயித்த குதிரையின் சிறுநீரில், மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரை இருந்தது.

அன்றிலிருந்து லாயம் லாயமாக இல்லை. தீவன டப்பாவுக்குப் பூட்டு வந்தது. பூட்டின் சாவி யாரிடம் இருக்கலாம் என்று ஒரு சண்டை வந்தது. தண்ணீர் வாளிக்கு மூடி வந்தது. லாடக்காரர் தன் ஆணிப் பெட்டியைத் தானே திறந்து எல்லோரிடமும் காட்டினார். யாரும் கேட்காமல் ஏன் காட்டுகிறார் என்று எல்லோரும் யோசித்தார்கள். விடியற்காலையில் குதிரையை ஓடவிட்டுப் பழக்கும் சவாரிக்காரர் யாரைப் பார்த்தாலும் முதலில் பாக்கெட்டைப் பார்த்தார், அப்புறம்தான் முகத்தை.

குதிரைக்குப் பந்தயப் பட்டியலில் ஒரு வரி நீளத்துக்கு ராஜகம்பீரமான பெயர் உண்டு. லாயத்தில் அதற்குப் பெயர் மருமகள். வந்த நாள் முதல், அளந்து வைக்கிற ஓட்ஸையும் கேரட்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கீழே படுக்கப் பரப்பிய வைக்கோலை மட்டும் யாரும் பார்க்காதபோது ஆசையாகத் தின்னும். இந்தப் பெயரை வைத்தவர் விசில்காரர். அவர் மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை. அது உதைக்கிற உதையைப் பார்த்தால் மாமியார் என்றுதான் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இந்த மனைவியை லாயத்தில் எல்லோரும் அக்கா என்பார்கள். லாயத்தின் சலவை அறை அவர் பொறுப்பு. குதிரைகளின் போர்வை, காலில் சுற்றும் பேண்டேஜ், வேலைக்காரர்களின் உடுப்பு எல்லாம் அவர் கையால்தான் வெளுக்க வேண்டும். அவருடைய சொந்தத் தம்பி, அதாவது விசில்காரரின் மச்சினன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்தான். மருமகளின் அறையில் விசில்காரருக்கு அடுத்தபடியாகப் புழங்குகிறவன் அவன்தான்.

மூவரும் தீவனக் கிடங்குக்கு மேலே இரண்டு அறையில் குடியிருந்தார்கள். விசில்காரரின் அனுமதிச் சீட்டை வைத்துத்தான் மனைவியின் சீட்டு. அவர் போட்ட ஜாமீன் கையெழுத்தை வைத்துத்தான் மச்சினனின் சீட்டு. விசில்காரர்மேல் குற்றம் என்று முடிவானால், ஒரே வாரத்தில் மூன்று பெட்டிகளும் கட்டப்படும். அதற்கப்புறம் எந்த நாட்டு லாயத்திலும் அவர் குதிரையின் வாலைக்கூடத் தொட முடியாது.

காலை ஐந்து மணிக்கு விசில்காரர் மருமகளின் அறையில் லத்தி அள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை குனிவதற்கு முன்னாலும் கதவுப் பக்கம் ஒரு பார்வை. யாரும் இல்லை என்றால், குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குவார். யாராவது வருகிற சத்தம் கேட்டால், இருபது வயதுப் பையன் மாதிரி சட்டென்று குனிந்து, பல்லைக் கடித்துக்கொள்வார். மருமகள் இந்த நாடகத்தை ஒரு வருஷமாகப் பார்த்துப் பழகிவிட்டது. அவர் கழுத்தைப் பிடித்தால் அசையாமல் நிற்கும்.

அவருக்கு மச்சினன்மேல் சந்தேகம். காரணம், முடிவெட்டு. வார விடுமுறை நாள் தவறாமல் அவன் டவுனுக்குப் போவான். கேட்டால் முடிவெட்ட என்பான். மாதத்தில் நாலு தடவை முடிவெட்டுகிற தலை எப்படி இருக்க வேண்டும்? இவன் தலை மருமகளின் பிடரி மாதிரி இருந்தது. போன வாரம் டவுனிலிருந்து வந்தவன் கோட்டைக் கழற்றவே இல்லை. சாப்பிடும்போதும் கோட்டு. அக்கா கேட்டதற்குக் குளிர் என்றான். சொல்லும்போது நெற்றியில் வியர்வை வழிந்தது.

யாரோ இவனை வளைத்துவிட்டார்கள் என்று விசில்காரர் முடிவு செய்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் அவருடைய சொந்தக் கால்சட்டைப் பையில் இருந்தது.

அந்தக் கால்சட்டைதான் ஏழு மணிக்குச் சலவை அறைக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்கா துவைப்பதற்கு முன்னால் பைகளைத் துழாவிப் பார்ப்பது வழக்கம். வைக்கோல், குளம்பு சுரண்டும் கொக்கி, பாதி கடித்த சர்க்கரைக் கட்டி எல்லாம் வரும். இன்று ஒரு மாத்திரை அட்டை வந்தது. பத்தில் எட்டு காலி. பின்பக்கம் இந்த ஊர் எழுத்தில் நீளமாக ஒரு பெயர். அக்காவுக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. ஆனால் அதே போல நீளமான ஒரு பெயரை அலுவலகச் சுவரில், சோதனை முடிவை ஒட்டியிருந்த நோட்டீசில், தடித்த எழுத்தில் பார்த்த ஞாபகம் இருந்தது.

ஈரக் கையோடு அங்கே போனார். அட்டையை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு, ஓர் எழுத்தை இங்கே, ஓர் எழுத்தை அங்கே என்று பார்த்தார். பதினான்கு எழுத்து. பதினான்கும் அப்படியே இருந்தன. அந்த வழியாகப் போன சவாரிக்காரர், அக்கா நோட்டீஸ் படிப்பதைப் பார்த்து, இவருக்கு எப்போது படிக்க வந்தது என்று சந்தேகப்பட்டுக்கொண்டே போனார்.

மருமகளின் அறைக்குள் நுழைந்து அக்கா கீழ்க்கதவைத் தாழ் போட்டார்.

"என்னங்க, இது யாருது?"

விசில்காரர் அட்டையைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"உங்க மச்சினன் கொடுத்தானா? அவனைக் காப்பாத்துறீங்களா? எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லிடுங்க. அந்த டைக்காரங்க வாயால நான் கேக்கக் கூடாது."

"அவன் ஒண்ணும் கொடுக்கல. என்னுதுதான்."

"குதிரைக்குப் போட்டீங்களா?"

"எனக்கே போதாம கிடக்கு. குதிரைக்கு எங்க போட?"

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். முதுகு போய் ஒரு வருஷமாகிறது. வாளி தூக்கும்போது ஒருநாள் உள்ளே ஏதோ நகர்ந்தது. நகர்ந்தது திரும்பி வரவில்லை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று போடாவிட்டால் குனிய முடியாது. போன வருஷம் நெட்டைக்காரர் என்று ஒருவர் இருந்தாரே, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தார். ட்ரெய்னர் பார்த்துவிட்டார். தன் லாயத்தில் நோயாளிக்கு இடமில்லை என்று அறிவித்து, அடுத்த வாரம் விமானம் ஏற்றினார். ட்ரெய்னரே மார்பை நிமிர்த்தி நடப்பதில் பெயர் பெற்றவர். உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"ஒரே கட்டில்ல படுக்கிறேன். எனக்குக்கூடத் தெரியாம மாத்திரை முழுங்கியிருக்கீங்க."

"உனக்குத் தெரிஞ்சா உன் முகத்துல தெரிஞ்சிடும்."

 அது உண்மை என்பதால் அக்காவுக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

"சரி. நீங்க முழுங்கினது இந்தக் குதிரை மூத்திரத்துல எப்படிங்க வந்துச்சு?"

இப்போதுதான் விசில்காரர் உண்மையில் சங்கடப்பட்டார். மாத்திரையைவிட இதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. தொழில் ரகசியம். புதுக் குதிரைக்கு விசில் பழக்குவது லேசு இல்லை. அது தானாகக் கழிக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் நின்று விசில் அடிக்க வேண்டும். சில குதிரைக்கு அது போதாது. மருமகளுக்குப் போதவில்லை. அதனால் அவரே ஓரமாக நின்று, வைக்கோலில், விசில் அடித்தபடியே, செய்து காட்டினார். பார்த்துப் பார்த்து அதுவும் பழகிக்கொண்டது. பழகிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. கழிப்பறை அலுவலகத்துக்குப் பின்னால், நானூறு அடி தூரத்தில் இருந்தது. இந்த முதுகோடு அத்தனை தூரம் யார் நடப்பது?

"அந்த வைக்கோலைத்தான் அது திங்குது," என்றார் அக்கா.

"ஆமா."

"தினமும்."

"தினமுந்தான்."

அக்கா மருமகளை நிமிர்ந்து பார்த்தார். குதிரை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. இத்தனை பூட்டு, இத்தனை மூடி, இத்தனை டை, எல்லாம் இதற்குத்தானா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. மாத்திரை என்னுது என்று சொன்னால், ஏன் சாப்பிட்டாய் என்பார்கள். முதுகு என்றால் விமானம். சொல்லாவிட்டால், குதிரைக்கு மருந்து கொடுத்தவன் என்று விமானம். எந்தப் பக்கம் திரும்பினாலும் விமானம்தான். ஏறுகிறபோது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் மட்டும் வித்தியாசம்.

கீழ்க்கதவு தட்டப்பட்டது. மச்சினன், கோட்டோடு.

"என்ன, நான் வந்ததும் பேச்சு நிக்குது?"

 அக்காவின் கை முந்தானைக்குள் போனதை அவன் பார்த்தான். அவன் பார்த்ததை விசில்காரர் பார்த்தார்.

"மாப்ள, முடி எங்க வெட்டுற நீ?"

"எதுக்கு மாமா?"

"நல்லா வெட்டுறாங்க. ஒண்ணுமே தெரியல."

மச்சினன் முகம் சிவந்தது. "நேரா கேளுங்க மாமா. என்னைச் சந்தேகப்படுறீங்க."

"நீ என்னைச் சந்தேகப்படல?"

"படுறேன்," என்றான் அவன். "ஆனா நான் வாயைத் திறந்து கேக்கல. அக்கா புருஷனாச்சேன்னு இருந்தேன்."

பத்து மணிக்கு இரண்டு கார்களும் வந்தன. தீவனக் கிடங்கில் ஓட்ஸ் மூட்டைகளை நகர்த்தி ஒரு மேஜை போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அக்கா காலையில் இஸ்திரி போட்ட துணி. மருமகளின் அறைக்குள் போய்வருகிற ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள்: விசில்காரர், மச்சினன், லாடக்காரர், சவாரிக்காரர், ஜாக்கி, லாயத்தின் கால்நடை மருத்துவர். ட்ரெய்னர் வரிசையில் நிற்காமல், வரிசைக்கு முன்னால் நின்றார்.

அவர் பேசினார். இந்த லாயம் வெறும் லாயம் அல்ல, ஒரு குடும்பம் என்றார். குடும்பத்துக்குள் ஒரு துரோகி இருக்கிறான் என்றார். தன் தந்தையைப் பற்றிச் சொன்னார், தன் தந்தையின் முதல் குதிரையைப் பற்றிச் சொன்னார், நேர்மையைப் பற்றி மூன்று முறை சொன்னார். டை கட்டிய கனவான்களில் மூத்தவர் கண்ணை மூடித் தலையாட்டினார். கேட்கிறாரா தூங்குகிறாரா என்று பிறருக்குத் தெரியாதபடி பழகிய தலையாட்டல். இந்த ஊர் பேச்சு விசில்காரருக்கு வேலைக்கு வேண்டிய அளவுதான் வரும். மச்சினனுக்கு நன்றாக வரும். என்ன சொல்கிறார் என்று விசில்காரர் முழங்கையால் இடித்துக் கேட்டார்.

"கத்துறாரு மாமா," என்றான் மச்சினன்.

பெண் டாக்டர் பேச்சு முடியும்வரை தன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். குதிரையின் உடம்பில் இருந்த மருந்தின் அளவு மிக மிகக் குறைவு. அதைக் கொடுத்து ஒரு குதிரையை வேகமாக ஓட வைக்க முடியாது, நிறுத்தவும் முடியாது. ஒரு பூனையைக்கூட எதுவும் செய்ய முடியாது. இந்த அளவு வேறொரு வழியில்தான் வரும். குதிரை படுக்கை வைக்கோல் தின்னுமா என்று கேட்டார். தின்னும் என்றார்கள். நீங்கள் எல்லோரும் ஒதுங்குவது எங்கே என்று அடுத்துக் கேட்டார்.

 லாடக்காரர் தன் காலணியை ஆராய்ந்தார். ஜாக்கி கூரையில் எதையோ எண்ணினார். லாயத்தின் மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கழிப்பறைக்குத்தான் போகிறோம் என்று சவாரிக்காரர் சொன்னார்; அதன் சாவி பத்து நாளாகத் தொலைந்து கிடக்கிறதே என்று அலுவலக எழுத்தர் கதவருகிலிருந்து உதவியாகச் சொன்னார்.

டாக்டர் பையைத் திறந்து குவளைகளை எடுத்து வைத்தார். காகிதப் பட்டை ஒன்றைக் காட்டினார். இதைச் சிறுநீரில் தோய்த்து அரை மணி வைத்தால், அதே மருந்து உடம்பில் இருக்கிறவருடைய பட்டை நீலமாகும். இல்லாதவருடையது வெள்ளையாகவே இருக்கும்.

ஆறு குவளை இருந்தது. ட்ரெய்னர் ஏழாவது கேட்டார். மேலே இருப்பவன் முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு, குவளையைக் கோப்பை வாங்குகிறவர் மாதிரி பெற்றுக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் அதைக் கனவான்கள் முன்னால் வைத்தார். இளைய கனவான் கை தட்டலாமா என்று மூத்தவரைப் பார்த்தார்.

விசில்காரர் முறை வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு போர்வையை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். இளைய கனவான், ஏமாற்று நடக்காமல் பார்த்துக்கொள்ள, இரண்டடி பின்னால் நின்றார்.

வரவில்லை.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. நூற்றுக்கணக்கான குதிரைகளை நிற்க வைத்து வேலை முடித்தவர், கையில் காலிக் குவளையோடு சுவரைப் பார்த்து நின்றார். இந்த இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டுதான் இத்தனை வருஷமும் குதிரைகளை அவசரப்படுத்தியிருக்கிறோம் என்று தோன்றியது. அவற்றின் நிலைமை முதல் தடவையாகப் புரிந்தது. வந்தால் நீலம். வராவிட்டால் வேண்டுமென்றே அடக்குகிறான் என்பார்கள். வெளியே ட்ரெய்னரின் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று.

மறைப்புக்கு வெளியே, அக்காவுக்குப் பக்கத்தில், மச்சினன் நின்றிருந்தான். அவன் உதட்டைக் குவித்தான்.

நீண்ட விசில். நடுவில் ஓர் இறக்கம், கடைசியில் ஓர் இழுப்பு. விசில்காரரின் விசில் அச்சு அசலாக. அவர் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. இவன் இரண்டு வருஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறான். முதலில் அவருக்கு எரிச்சல் வந்தது, திருடியிருக்கிறான் பயல். அடுத்து, குவளை நிரம்பியது.

வெளியே வந்தபோது மச்சினன் காதருகில் சொன்னான். "இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா, நீங்கதான்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க மாமா."

"எழுதத்தான் போறாங்க," என்றார் விசில்காரர்.

அரை மணி நேரம். அக்கா மாடிக்குப் போய்ப் பரண்மேலிருந்த பெட்டியை இறக்கினார். இறக்கியதைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு, திறக்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, முந்தானையிலிருந்த அட்டையை எடுத்து, கீழே வந்து கணவன் கையில் கொடுத்தார்.

"அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. குதிரைக்கு மருந்து வெச்சவன் பொண்டாட்டின்னு என்னால ஊர் போய் நிக்க முடியாது. முதுகு போனவன் பொண்டாட்டின்னா நிக்கலாம்."

விசில்காரர் கிடங்குக்குள் போனார். நேரம் ஆக இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. டாக்டர் பட்டைகளை வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, ஒரு காகிதத்தால் மூடியிருந்தார். விசில்காரர் மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தார். ட்ரெய்னர் எழுந்தார், அதாவது, அதற்கு முன்னால் ஓர் ஓட்ஸ் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, இவங்களுக்குச் சொல்லு. மாத்திரை என்னுது. ஒரு வருஷமா முதுகு சரியில்ல. வைக்கோல்ல போனதும் நான்தான். குதிரை மேலயோ வேற யார் மேலயோ தப்பு இல்லைன்னு சொல்லு."

மச்சினன் மேஜைப் பக்கம் ஓர் அடி வைத்து நின்றுவிட்டான்.

"சொல்லுடா."

மச்சினன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் நிறம், அளவு, பின்பக்கத்து நீளப் பெயர். பிறகு மெதுவாகக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினான். உள்ளே, சட்டைக்கு மேல், இடுப்பைச் சுற்றி, முதுகு வலிக்காரர்களுக்கு மருந்துக் கடையில் விற்கும் அகலமான பெல்ட் ஒன்று இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அக்கா வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டார்.

மூத்த கனவான் இப்போது நிஜமாகவே விழித்திருந்தார். இந்த ஆள் என்ன சொன்னான் என்று கேட்டார். மொழிபெயர்க்க வேறு யாரும் இல்லை. லாடக்காரர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். ட்ரெய்னர் மட்டும், குடும்பத் துரோகியைக் கண்டுபிடித்துவிட்ட கம்பீரத்தோடு, விசில்காரரை நோக்கி விரலை நீட்டினார்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். காகிதத்தை எடுத்தார்.

ஏழு பட்டைகளும் நீலமாக இருந்தன.